மேல் டிவிஷன் இன்னும் லைனை விடவில்லை

என் மகளுக்குக் கணினி வேலை. ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசுவதற்கான நிரல் தொகுப்புகளை எழுதுகிறாள். அவள் எழுதியதை வேறு யார் யாரோ எடுத்துத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதில் பெரிய தலைவலி, ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் பல வேலைகள் கைவைப்பதுதான். ஒன்றின் செய்தியில் பாதியும் இன்னொன்றின் செய்தியில் பாதியும் கலந்து போய்ச் சேர்ந்தால் எல்லாம் குட்டிச்சுவர். அதனால் பூட்டுப் போடுவார்கள். ஒருவர் பேசி முடித்துப் பூட்டை விடும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள்.

"பூட்டுப் போட்டா கலக்காதும்மா. அதோட வேலை முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைச்சிடறாங்க" என்றாள்.

எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அவள் என்னமோ ஏதோ என்று பயந்து தண்ணீர் எடுத்து வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய கோபம்தான். அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

எழுபதுகளில் நாங்கள் இருந்தது கம்பம்மெட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தேயிலை எஸ்டேட்டில். அப்பா ஃபேக்டரியில் இலை உருட்டும் மிஷினில் நின்றார். அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுத்தார்கள். நான் பத்தாம் வகுப்பு பாஸாகியிருந்தேன், தமிழும் மலையாளமும் தடங்கலில்லாமல் பேசுவேன், இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியும். அதனால் எஸ்டேட் ஆபீஸில் டெலிபோன் பார்க்கிற வேலை கிடைத்தது. கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அங்கே சின்ன விஷயமில்லை. அப்பா ஃபேக்டரியில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்திருந்தார்.

டெலிபோன் என்றால் சுவரில் அடித்த மரப்பெட்டி. பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி. ஆபீஸ், எஸ்டேட் மேனேஜரான பெரியதுரையின் பங்களா, ஓடைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி, மலைக்கு மேலே மேல் டிவிஷனில் ஆள் பேர் கொடுக்கிற மஸ்டர் ஆபீஸ். நான்குக்கும் சேர்த்து ஒரே லைன். யார் சுற்றினாலும் எல்லாவற்றிலும் மணி அடிக்கும். யார் எடுத்தாலும் எல்லாப் பேச்சும் கேட்கும். அதற்கென்று எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. எடுத்ததும் "யாரும் பேசுதீங்களா?" என்று கேட்பது. யாரும் இல்லையென்றால் சுற்றுவது, இருந்தால் வைத்துவிடுவது. தலைபோகிற அவசரம் என்றால் நடுவில் புகுந்து "அண்ணாச்சி, கொஞ்சம் விடுங்க" என்று சொல்வது. அவரும் முனகிக்கொண்டே விட்டுவிடுவார். பிறகு விஷயம் என்னவென்று ஒட்டுக் கேட்பார், அது வேறு.

அதில் குறை இல்லாமல் இல்லை. இரண்டு பேர் ஒரே கணத்தில் எடுத்தால் இரண்டு பேரும் ஒரே குரலாக "யாரும் பேசுதீங்களா" என்பார்கள். அவரவர் காதில் அவரவர் குரல்தான் விழும். யாருமில்லை என்று நினைத்து இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள். ஒரு நாள் அப்படித்தான், கீழ்க்காட்டுக்கு லாரி அனுப்பச் சொல்லி ஃபேக்டரி பேசியதும், இங்கே மழை, இன்றைக்கு லாரி வேண்டாம் என்று மேல் டிவிஷன் பேசியதும் ஒன்றாக வந்து விழுந்தன. நான் இல்லாத நேரத்தில் ஆபீஸில் எடுத்த கிளார்க்குக்குக் கேட்டது, கீழ்க்காட்டுக்கு லாரி வேண்டாம். கீழ்க்காட்டில் பறித்த கொழுந்தெல்லாம் சாக்கிலேயே கிடந்து சூடேறிக் கறுத்துப்போனது. பெரியதுரை குதித்த குதியில் ஆபீஸே நடுங்கியது.

அப்போதுதான் அசிஸ்டென்ட் மேனேஜராகச் சின்னதுரை வந்து சேர்ந்திருந்தார். மெட்ராஸில் படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் கைநீட்டியதில்லை, லயத்துப் பெண்களை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஆனால் தான் போட்ட சட்டம் தான் பெற்ற பிள்ளை என்று நினைக்கிற ஜாதி. கொழுந்து கறுத்த கதையைக் கேட்டதும் இதற்கு நான் முடிவு கட்டுகிறேன் என்று கிளம்பினார்.

எங்கிருந்தோ ஒரு பலகையை வரவழைத்து என் மேஜைமேல் நிறுத்தினார். பங்களா, ஃபேக்டரி, மேல் டிவிஷன் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து அந்தப் பலகையில் கொண்டுவந்து முடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, துளைக்கு மேல் கண்ணிமை மாதிரி ஒரு சின்னத் தகடு. அங்கே கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அந்தத் தகடு படக்கென்று விழும். இரண்டு முனையிலும் பித்தளைப் பின் வைத்த ஒரு வயர் கொடுத்தார்கள். யார் யாரோடு பேச வேண்டுமோ அந்த இரண்டு துளையிலும் நான் பின்னைச் செருக வேண்டும். ஒரே ஒரு வயர். இன்னொன்று கேட்டதற்கு, ஒன்று இருந்தால்தான் ஒரு நேரத்தில் ஒரு பேச்சு, கலக்கவே கலக்காது என்றார் சின்னதுரை. நான் காதில் மாட்டிக்கொள்கிற கருவியும் அந்த வயரோடு சேர்ந்ததுதான். அதில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வேறு தகடு விழுவதை நான் பார்க்கலாம். அவர்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்று கேட்க முடியாது.

சட்டம் இதுதான். லைன் வாங்கியவர் வேலை முடிந்ததும் "விட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் நான் பின்னைத் தொடக் கூடாது. எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும், எவ்வளவு அவசரம் என்றாலும் கூடாது.

வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு பேச்சும் கலக்கவில்லை, ஒரு சாக்குக் கொழுந்தும் கறுக்கவில்லை. பெரியதுரை சின்னதுரையின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனால் கொஞ்ச நாளில் ஆட்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். லைனை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் யாரும் விடவில்லை. பேசி முடித்த பிறகும் ரிசீவரை மேஜைமேல் கிடத்திவிட்டு, இன்னும் எதற்காவது வேண்டியிருக்குமே என்று வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. நான் காதில் மாட்டிக்கொண்டு, மேல் டிவிஷன் மஸ்டர் ஆபீஸில் கடிகாரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே பலகையில் மற்றத் தகடுகள் விழுந்துகொண்டிருக்கும்.

இந்த வெற்றியில் மயங்கிச் சின்னதுரை ஜீப்புக்கும் அதே சட்டத்தைப் போட்டார். எஸ்டேட்டுக்கு இருந்தது ஒரு ஜீப். அதை ஒரு வேலைக்கென்று வாங்கியவர் அந்த வேலை முடியும்வரை யாருக்கும் தரக் கூடாது. முடிந்ததும் பங்களாவில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மேல் டிவிஷனில். அத்தான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அக்காவுக்கு அது தலைப்பிரசவம். முறைப்படி எங்கள் லயத்துக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். நாள் இருக்கிறது, மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டோம். இடவப்பாதி மழை அந்த வருஷம் விடுவதாக இல்லை.

அன்று மத்தியானம் மேல் டிவிஷன் தகடு விழுந்தது. மஸ்டர் கிளார்க் பேசினார். பயந்த சுபாவம், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷர். அன்றைக்குக் குரல் உடைந்திருந்தது.

"தங்கச்சி, பங்களாவக் குடு. ஜீப்பு வேணும்."

"என்ன அண்ணாச்சி?"

"ஒங்க அக்காதான். ரெத்தம் நிக்க மாட்டேங்கு. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. கம்பளில கட்டித் தூக்கியாந்து இங்க வராண்டால போட்டிருக்கு. கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாத்தான் உண்டு."

பின்னைப் பங்களாத் துளையில் செருகினேன். பங்களாவில் பட்லர் எடுத்தார். பெரியதுரை காட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார், ஜீப் காலையிலேயே ஃபேக்டரிக்குப் போனது, திரும்பி வந்ததும் உடனே மேலே அனுப்புகிறேன் என்றார். "லைன்லயே நிக்கேன், வந்ததும் சொல்லுங்க" என்றார் கிளார்க். பட்லர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் ஃபேக்டரித் தகடு விழுந்தது. தூக்கி வைத்தேன், மறுபடி விழுந்தது. அங்கே யாரோ கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாம்பிள் தேயிலையை டவுனுக்கு அனுப்ப, ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஜீப்பை வாங்கியிருந்தார். பெரியதுரை பட்லரிடம் சொல்லிவிட்டுப் போகிற உத்தரவைப் பங்களாவில் கேட்காமல் அவர் அனுப்ப மாட்டார். கேட்க லைன் வேண்டும். லைன் கிளார்க் கையில் இருக்கிறது. கிளார்க் ஜீப்புக்காகக் காத்திருக்கிறார். ஜீப் டீமேக்கர் கையில் இருக்கிறது. டீமேக்கர் லைனுக்காகக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் சட்டப்படி ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் கையில் இருப்பது வரட்டும் என்று நிற்கிறார்கள். அது இரண்டு பேருக்குமே தெரியாது. நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு டெட்லாக் என்று பெயர் இருக்கிறதாம். பூட்டுப் பற்றிய படிப்பில் ஆரம்பத்திலேயே வருகிற பாடமாம். நாங்கள் அந்த மலையில் செத்துக்கொண்டிருந்த காலத்திலேயே படித்தவர்கள் இதைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்களாம். என் மகள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். அவள்மேல் தப்பில்லை. அந்த வியாதிக்குப் பெயர் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் போன மாதம் அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் லைன விடுங்க. ஜீப்பு ஃபேக்டரில நிக்கி. நான் பேசிச் சொல்லுதேன்" என்றேன்.

"விட மாட்டேன் தங்கச்சி."

"நான் திரும்பக் குடுக்கேன் அண்ணாச்சி."

"விட்டா ஃபேக்டரிக்காரன் பிடிச்சிக்கிடுவான். போன வாரம் ஒன் பேச்சக் கேட்டுத்தான விட்டேன். பொழுது சாயிற வரைக்கும் எனக்கு லைன் வந்துச்சா? இன்னைக்கு விட மாட்டேன். இந்தா கெடக்கா ஒங்க அக்கா, எங் கண்ணு முன்னால. எப்படி விடுவேன்?"

அழுதார். என் அக்காவுக்காகத்தான் அவர் அந்த லைனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. விட்டால் போச்சு என்று அந்த ஆளுக்குக் கற்றுக்கொடுத்தது சட்டம். ஒரு வாரம் முந்தி அவர் நம்பி விட்டதற்குச் சட்டம் கொடுத்த பரிசு அது.

பின்னைத் தொடாமல் எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினேன். சின்னதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, பொறுமையாக, ஸ்கூல் வாத்தியார் மாதிரி பேசினார்.

"ஃபேக்டரி வேலை முடிஞ்சதும் ஜீப் திரும்பிடும். அப்ப மேல் டிவிஷன் லைனை விட்டுடுவாங்க."

"ஃபேக்டரி வேலை முடியணும்னாலே லைன் வேணும் சார்."

"லைன் காலியானதும் குடு."

"ஜீப்பு மேல போனாத்தான் சார் லைன் காலியாகும்."

"அதான் சொல்றேனே. ஃபேக்டரி முடிச்சதும் ஜீப் போகும்."

செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தார். அவருக்கு அறிவில்லை என்று நான் நினைக்கவில்லை. தான் போட்ட சட்டம் சரியாக இருக்கிறது, எல்லாரும் அதன்படி நடக்கிறார்கள், பிறகு எப்படித் தப்பு நடக்கும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

"பின்னை நான் உருவட்டுமா சார்?" என்றேன்.

"அவங்க விட்டாச்சுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப எப்படி உருவுவ? இன்னைக்கு இதுக்கு உருவினா நாளைக்கு எல்லாத்துக்கும் உருவச் சொல்வாங்க. பழையபடி கொழுந்து அழுகும்."

"அங்க கெடக்கறது எங்க அக்கா சார்."

அவர் என்னைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார். அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

"அதனாலதான் நீ பதட்டப்படற. போய் உக்காரு" என்றார்.

நான் போய் உட்கார்ந்தேன். மேல் டிவிஷன் துளையிலிருந்து பின்னை உருவினேன். கிளார்க் ஏதோ கத்தியது பாதியில் அறுந்தது. பங்களாத் துளையிலிருந்தும் உருவி ஃபேக்டரியில் செருகினேன்.

டீமேக்கர் எரிச்சலாக இருந்தார். "எவ்வளவு நேரமாச் சுத்திக்கிட்டிருக்கேன். பங்களாவக் குடும்மா. ஜீப்ப வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? டிரைவரு ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டு ஒக்காந்திருக்கான்."

சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் சொன்னேன்.

"அடப்பாவிகளா" என்றார். "சொல்லியிருந்தா அப்பமே அனுப்பியிருப்பேனே." ரிசீவரை வைக்கக்கூட இல்லை. ஏற்றியிருந்த சாம்பிள் பொட்டலங்களை இறக்கச் சொல்லி அவர் சத்தம் போடுவதும், ஜீப் உறுமிக்கொண்டு கிளம்புவதும் என் காதில் கேட்டது. அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அந்த வார்த்தை போய்ச் சேரத்தான் எங்கள் எஸ்டேட்டில் வழியில்லாமல் பண்ணி வைத்திருந்தார்கள்.

அதற்குள் அத்தான் பொறுக்க முடியாமல் குறுக்குப்பாதையில் கீழே ஓடி வந்திருக்கிறார். சேற்றில் விழுந்து எழுந்து வந்தவரை ஜீப் பாதி வழியில் ஏற்றிக்கொண்டு திரும்ப மேலே போனது. அக்காவைப் பின்சீட்டில் கிடத்தி, மெட்டில் செக்போஸ்டைத் தாண்டி, அந்த மழையில் வளைவு வளைவாகக் கம்பத்துக்கு இறக்கினார்கள். நடுவில் இரண்டு தடவை அக்காவுக்கு நினைவு தப்பியதாம். மருத்துவச்சி கன்னத்தில் அறைந்து அறைந்து கூட்டிப் போயிருக்கிறாள்.

அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் அத்தான் அன்றே திரும்பி வந்து யாரையாவது வெட்டியிருப்பார்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். பெரியதுரை நடுவில், பக்கத்தில் சின்னதுரை. கிளார்க், டீமேக்கர், நான் மூவரும் நின்றோம்.

கிளார்க்கை முதலில் கேட்டார் சின்னதுரை. வேலை முடியாமல் நீங்கள் லைனை விட்டீர்களா? இல்லை என்றார் கிளார்க், தலையைக் குனிந்துகொண்டு. சரி, உங்கள்மேல் தப்பில்லை. அடுத்து டீமேக்கர். ஆபீஸிலிருந்து சொல்லும்வரை ஜீப்பை நீங்களாக வேறு யாருக்கும் தரவில்லையே? டெலிபோனில் சொன்ன பிறகுதான் தந்தேன் என்றார் அவர். சரி, உங்கள்மேலும் தப்பில்லை. இருவரும் சட்டப்படி நடந்தவர்கள். ஒரு குழந்தை செத்துப்போன கதையில் அத்தனை பேரும் சரியாக நடந்தவர்கள், நான் ஒருத்தியைத் தவிர.

"விடாதவங்க கையிலிருந்து லைனைப் பறிச்சது நீதான்" என்றார் என்னிடம். அதனால் எஸ்டேட்டுக்கு நேர்ந்த நஷ்டம் என்று ஒன்றைச் சொன்னார். சாம்பிள் தேயிலை அன்று டவுனுக்குப் போகவில்லை. அதைத்தான் சொன்னார். குழந்தையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பெரியதுரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டீமேக்கர் மட்டும் "சாம்பிளு மறுநாள் போயிட்டு சார்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். முந்தின ராத்திரி முழுக்க என்னிடம் கெஞ்சியிருந்தார். தப்புதான், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா, நாற்காலி வேலை போயிரக் கூடாது என்று. அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. எங்கள் வகையறாவில் இலைக்கூடையைச் சுமக்காமல் சம்பாதித்த முதல் ஆள் நான்.

சின்னதுரைக்கும் என்னை அனுப்ப மனமில்லை போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டார். "நீ சின்னப் பொண்ணு. சொந்த அக்காங்கறதால ஏதோ பதட்டத்தில பண்ணிட்ட. பரவாயில்ல. இனிமே இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்வேன்னு மட்டும் சொல்லு. அது போதும்" என்றார்.

வாசலில் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னதுரையையா என்னையா என்று தெரியவில்லை.

"இனிமே ஒங்ககிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன் சார்" என்றேன். "கேக்க வந்த நேரத்துலதான் அந்தப் பிள்ள செத்துச்சு."